சத்தம் நின்ற வண்டி

இந்த நாற்காலி ஆடுகிறது ஐயா. முன்பக்கத்து இடது கால் கொஞ்சம் குட்டை. ஒரு அட்டைத் துண்டு இருந்தால் கொடுங்கள், மடித்து அடியில் வைத்துவிடுகிறேன். காலையே சரிசெய்ய வேண்டும் என்றால் ரம்பம் வேண்டும், பசை வேண்டும், அரை நாள் வேண்டும். அட்டை வைத்தால் போதும், உட்கார்ந்திருப்பவருக்கு ஆடாது. உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டியது அவ்வளவுதானே.

வேண்டாமா? சரி, ஆடட்டும்.

மேசைமேல் கிடக்கும் அந்தக் கம்பித் துண்டு யாருடையது என்று கேட்டீர்கள். என்னுடையதுதான். மஞ்சள் நாடாவை இறுக்கிச் சுற்றி, நுனியை உள்பக்கமாக மடித்து ஒட்டியிருக்கிறது, பாருங்கள். அது என் கைப்பழக்கம். மற்றவர்கள் நுனியை அப்படியே விட்டுவிடுவார்கள். நாள்பட்டால் அது கழன்று வால் மாதிரி ஆடும். எனக்கு அரைகுறை வேலை பிடிக்காது. யாரோ ஒரு எலக்ட்ரீஷியன் தன் மச்சானுடைய வண்டியில் இதைக் கண்டுபிடித்து உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தாராம். வேலை சுத்தமாக இருக்கிறது என்று அவர் ஏதாவது சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். தொழில்காரனைத் தொழில்காரன் பாராட்டி எங்கே பார்த்திருக்கிறோம்.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் என்னவோ கொலைகாரன் போலத் தெரிவேன்.

நாங்கள் விற்பது கேரவன். காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற வீடு. உள்ளே படுக்கை, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, உட்கார்ந்தால் முட்டி கதவில் இடிக்கிற கழிப்பறை, எல்லாம் உண்டு. விளம்பரப் படத்தில் அது ஏரிக்கரையில் நிற்கும். வாசலில் ஒரு தம்பதி மடக்கு நாற்காலி போட்டு, கையில் கோப்பையோடு சிரிப்பார்கள். இத்தனை வருஷத்தில் அந்தத் தம்பதியை ஒரு தடவைகூட நான் நேரில் பார்த்ததில்லை. என்னிடம் வருகிறவர்கள் வேறு மாதிரி இருப்பார்கள்.

தொழிற்சாலையில் இந்த வண்டிகளைக் கட்டுகிற அவசரத்தைப் பார்த்தால், பின்னாலிருந்து யாரோ துரத்துகிறார்கள் என்று நினைப்பீர்கள். கூரையில் பசை வைக்க வேண்டிய இடத்தில் பசை இருக்காது. தேவையில்லாத இடத்தில் கட்டி கட்டியாக அப்பியிருக்கும். ஸ்க்ரூ மரத்தைப் பிடிக்காமல் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு வண்டியின் சுவரைப் பிரித்தால் உள்ளே யாரோ சாப்பிட்டுவிட்டு மறந்துபோன டப்பா, கரண்டியோடு. கரண்டியைக் கழுவி இன்னும் வைத்திருக்கிறேன். அந்த வண்டியிலேயே உருப்படியான பொருள் அது ஒன்றுதான்.

புத்தம் புது வண்டியை வாங்கியவர் வீட்டு வாசலில் நிறுத்தி அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் காட்டுவார். முதல் மழையில் படுக்கை நனையும். முதல் பயணத்தில் அலமாரிக் கதவு கையோடு வரும். வாரண்டிதான் இருக்கிறதே என்று எங்கள் வளாகத்துக்கு இழுத்துக்கொண்டு வருவார். வாரண்டி என்றால் என்ன தெரியுமா? நாங்கள் தொழிற்சாலைக்குப் படம் எடுத்து அனுப்புவோம். அவர்கள் வேறு கோணத்தில் கேட்பார்கள். அதையும் அனுப்பினால் பாகம் வரும், வேறு ரக வண்டியின் பாகம். அதைத் திருப்பி அனுப்பிச் சரியானது வருவதற்குள் கோடை முடிந்திருக்கும். அதுவரை வண்டி எங்கள் வரிசையில் நிற்கும். சொந்தக்காரர் வாரம் ஒருமுறை வந்து, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் உறவுக்காரரைப் பார்ப்பது போல அதைப் பார்த்துவிட்டுப் போவார். சிலர் டயரைத் தடவிக்கூடக் கொடுப்பார்கள்.

அந்த முகங்களைச் சமாளிப்பதுதான் என் வேலை. ரிப்பேர் என்பது பெயருக்கு. வளாகத்தில் என்னை எல்லோரும் 'சமாதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். வரவேற்பறையில் யாராவது மேசையைத் தட்டிப் பேச ஆரம்பித்தால், அங்கிருக்கும் பெண் உள்பக்கம் திரும்பி, சமாதானத்தை வரச் சொல்லுங்க என்பாள். நான் கையைத் துடைத்துக்கொண்டே போவேன். எனக்கு மற்றவர் கண் கலங்கினால் தாங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என் மனைவி வெங்காயம் நறுக்கினால்கூட அந்த இடத்தை விட்டுப் போய்விடுவேன். வேலைக்குக் கள்ளம் பண்ண நல்ல சாக்கு என்பாள் அவள்.

அனுபவத்தில் நான் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். யாரும் குறைக்காக வருத்தப்படுவதில்லை. அது கண்ணில் படுவதற்கும் காதில் விழுவதற்கும்தான் வருத்தப்படுகிறார்கள். கூரை ஒழுகுவது யாருக்குத் தெரிகிறது? கறைதான் தெரிகிறது. கறையின்மேல் அழகான ஒரு மரப்பட்டியை வைத்து அடித்துவிட்டால், அட, இது முன்பைவிட நன்றாக இருக்கிறதே என்று சந்தோஷமாக இழுத்துக்கொண்டு போவார்கள். தண்ணீர் சுவருக்குள்ளே அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். மரம் உளுத்துப்போக வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை அவர்களுக்கு இருப்பது பொய்ச் சந்தோஷமா? சந்தோஷத்தில் பொய் ஏது ஐயா.

இப்போது அலாரத்துக்கு வருகிறேன். அவசரப்படாதீர்கள், எதையும் விடமாட்டேன்.

ஒவ்வொரு வண்டியிலும் படுக்கைக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில், உள்ளங்கை அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கும். அடுப்பு வாயு கசிந்தாலும், அதே வாயுவில் எரிகிற ஹீட்டரின் விஷப்புகை உள்ளே வந்தாலும் அது கத்தும். அந்தப் புகைக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. மூக்குக்குத் தெரியாது என்பதால்தான் பெட்டி. எல்லாம் சரியாக இருந்தால் பச்சை விளக்கு எரியும். நல்ல ஏற்பாடுதான். ஒரே ஒரு சங்கடம், புது வண்டியில் ஒட்டுப்பலகையிலிருந்தும் பசையிலிருந்தும் ஒரு நெடி வரும். கதவை மூடிவிட்டுத் தூங்கினால் அந்த நெடிக்கே பெட்டி கத்தும். சாதாரணக் கத்தல் இல்லை, பல்லுக்குள் இறங்கும். ஜனங்கள் போர்வையோடு வெளியே ஓடிவந்து குளிரில் நிற்பார்கள். நாங்கள் பெட்டியை மாற்றிக் கொடுப்போம். புதுப் பெட்டியும் கத்தும். பெட்டி தன் வேலையைத்தான் செய்கிறது, இது குறையே இல்லை என்று தொழிற்சாலை கையைக் கழுவிவிட்டது. நெடி அடங்கும் வரை கதவு ஜன்னலைத் திறந்துபோட வேண்டும். அப்படித் திறந்துபோட்டுக்கொண்டு எங்கே போவது?

அதனால் நான் ஒரு வழி பண்ணினேன். சத்தம் வருகிற பாதையை உள்ளே பிரித்துவிட்டேன். பச்சை விளக்குக்கு மட்டும் நேராக மின்சாரம் போகிற மாதிரி இதுபோல ஒரு கம்பியை வைத்தேன். விளக்கு எப்போதும் பச்சையாகவே இருக்கும். பார்க்கிறவர்களுக்கு நிம்மதி. ஒரு பெரியவர் நன்றி சொல்ல பிஸ்கட் டப்பாவோடு வந்தார். குழந்தை இப்போது விடிய விடியத் தூங்குகிறது என்று ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை வண்டி என்கிறீர்கள். நான் எண்ணவில்லை. உதவி செய்துவிட்டு எண்ணிக்கொண்டிருந்தால் அது உதவியா? நீங்கள் எல்லா வண்டிகளையும் திரும்ப அழைத்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். விடுமுறை சமயம். பாவம், எத்தனை பேருடைய பயணம் பாதியில் நின்றதோ.

சரி, அக்கா விஷயம். கூடப்பிறந்த அக்கா இல்லை, வண்டி வாங்க வந்தவர்.

அக்காவும் மாமாவும் கோடை தொடக்கத்தில் வண்டி வாங்கினார்கள். மாமா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்க ஒரே வழித்தடம். சந்தையிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து சந்தை. போய்ப் போய்த் திரும்பி வந்தாரே தவிர எங்கேயும் போனதில்லை. அந்த அம்மா தையல் வேலை. மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போனதைத் தவிர ஊரைத் தாண்டி ஒரு இரவு தங்கியதில்லையாம். மலையைப் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. முதல் நாள் நான் அவரை அண்ணே என்று கூப்பிட்டேன், அந்த அம்மாவை அக்கா என்றேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணனுக்கும் அக்காவுக்கும் கல்யாணம் பண்ணி வச்சுட்டியே தம்பி. கூரை ஒழுகறது பத்தாதா?"

அன்றிலிருந்து அவர் எனக்கு மாமா. உறவு சரியாகிவிட்டது, கூரை ஆகவில்லை. அடுத்த தடவை சமையல் டிராயர். வளைவில் திரும்பினால் அது தானாகத் திறந்து, பூட்டின கதவையே இடித்ததாம். டிரைவர் மெதுவாகத்தான் திருப்பினார், டிராயருக்குத்தான் அவசரம் என்றார் அக்கா. கட்டின புருஷனை அவர் டிரைவர் என்றுதான் கூப்பிடுவார். அதற்கடுத்தது கதவு. பூட்டினாலும் அடிப்பக்கத்தில் கை நுழைகிற இடைவெளி. கதவுச் சட்டமே கோணல், அதற்கு மருந்து கிடையாது. ரப்பர் பட்டி ஒட்டினேன், மூன்றாம் நாளே விழுந்துவிட்டது. இப்படியே கோடை போனது. மூட்டை கட்டுவார்கள், ஏதாவது ஒன்று கழலும், மூட்டையை அவிழ்ப்பார்கள்.

மாமா அதிகம் பேச மாட்டார். கியர் மாற்றுகிற மாதிரி, தேவைப்பட்டால் ஒரு சொல். அக்கா உள்ளே வண்டியைத் திட்டும்போது அவர் வெளியே நின்று அதன் விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

குளிர் ஆரம்பித்த பிறகு ஒரு மத்தியானம் வந்தார்கள். மறுநாள் காலை கிளம்புவதாக இருந்தது. வீட்டு வாசலில் ஹீட்டரைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், அலாரம் கத்தியிருக்கிறது. மாமா பொத்தானை அமுக்கி அடக்கியிருக்கிறார். பெட்டியின் முகப்பில் ஒரு பொத்தான் உண்டு, அமுக்கினால் கொஞ்ச நேரம் வாயை மூடும். பிறகு மறுபடி கத்தும். ஒரு நாள் முழுக்க அவர் அமுக்குவதும் அது கத்துவதுமாக இருந்திருக்கிறது. அக்கா அன்றைக்குத் திட்டவில்லை. வண்டிக்குள் படுக்கையில் உட்கார்ந்து, ஜன்னலுக்குத் தானே தைத்த திரைச்சீலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"துணிமணிய மடிச்சு மடிச்சு மடிப்புலயே கிழிஞ்சிடும் போல இருக்கு தம்பி. இந்தத் தடவையும் இல்லேன்னா இதை யாருக்காவது கொடுத்துட்டு, டிரைவரக் கூட்டிக்கிட்டு பஸ்லயே போயிடறேன். டிக்கெட் வாங்கிக்கிட்டு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் ஒருமாதிரி நடுங்கியது. முகத்தைத் திரையில் துடைத்துக்கொண்டார்.

நான் அவர்களை வரவேற்பறையில் உட்காரச் சொல்லிவிட்டு வண்டிக்குள் போனேன். கதவைச் சாத்தி ஹீட்டரைப் போட்டேன்.

இந்த இடத்தில் நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், நான் மெதுவாகவே சொல்கிறேன். பெட்டி கத்தியது. வழக்கமான நெடிதான் என்று முதலில் நினைத்தேன். ஆனால் இந்த வண்டி கோடை முழுக்க எங்கள் வெயிலில் கதவைத் திறந்துபோட்டு நின்ற வண்டி. நெடி எப்போதோ போய்விட்டது. வெளியே போய் ஹீட்டரின் புகைவாயைப் பார்த்தேன். சுற்றிலும் கரி படிந்திருந்தது. உள்ளே பலகையைக் கழற்றினேன். புகைக்குழாய் சுவர்த் துளையில் போய் உட்காரவே இல்லை, ஒரு விரல் தள்ளி நின்றது. தொழிற்சாலையில் மாட்டின நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். புகையில் பாதி வெளியே போகும், பாதி உள்ளே வரும். அதைப் பார்த்து முடிப்பதற்குள் எனக்கே தலை வலித்தது. வெளியே வந்து படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.

ஆமாம், தெரியும். தெரிந்துதான் இருந்தது.

குழாய் கொஞ்சம் நீளமாக வேண்டும். அதைத் தொழிற்சாலையிலிருந்துதான் வரவழைக்க வேண்டும், இரண்டு மாதம் ஆகும். இதை நான் வரவேற்பறைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அக்கா மடியில் பை வைத்திருந்தார். மாமா அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நீங்களே சொல்லுங்கள், அந்த முகத்தைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்? கல்மனசுக்காரர்களால் முடியும். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கம்பியை வைத்தேன். நாடாவைச் சுற்றினேன். ஹீட்டரைப் போட்டுப் பார்த்தேன். சத்தம் இல்லை, பச்சை விளக்கு. சரியாகிவிட்டது அக்கா என்று சொன்னேன். அவர் எழுந்து நின்ற வேகத்தில் பை கீழே விழுந்தது. நான் பொறுப்பில்லாதவன் இல்லை. போகும்போது ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்துக்கொள்ளுங்கள், புது வண்டிக்குக் காற்றோட்டம் நல்லது என்று அவரிடம் சொன்னேன். குளிரிலா என்று கேட்டார். ஒரு விரல் அளவுதானே அக்கா என்றேன். ஏன் என்று சொல்லவில்லைதான். சொன்னால் பயந்துபோய்த் தூக்கம் வராது, மலைக்குப் போய் என்ன பிரயோஜனம்?

அங்கே போய்ச் சேர்ந்ததும் செய்தி அனுப்பியிருந்தார். தம்பி, டிரைவர் குறட்டையத் தவிர வேற சத்தமே இல்ல, அதுக்கும் வாரண்டி உண்டா என்று கேட்டிருந்தார். நானும் என் மனைவியும் அதைப் படித்துச் சிரித்தோம்.

அந்தக் குறட்டைக்காகத்தான் மாமாவைக் கதவுப் பக்கத்துப் பெஞ்சில் படுக்கச் சொல்லியிருக்கிறார். கதவுக்கடியில் இருந்த இடைவெளியில் ராத்திரி முழுக்கக் குளிர்காற்று அவர் முகத்தில் அடித்திருக்கிறது. காலையில் பக்கத்து வண்டிக்காரர் கதவைத் திறந்தபோது அவருக்கு மூச்சு இருந்தது. அக்காவுக்கு இல்லை. அந்தக் கதவை நான் சரிசெய்யாமல் விட்டதால்தான் மாமா இன்று உயிரோடு இருக்கிறார். உங்கள் ஆட்கள் இவ்வளவு எழுதினார்களே, இதை யாராவது ஒரு வரி எழுதினார்களா? நான் பெரிதுபடுத்தவில்லை, சும்மா சொல்கிறேன்.

வண்டியை எங்கள் வளாகத்துக்கே இழுத்து வந்தீர்கள். உங்கள் ஸ்டேஷன் வாசலில் இந்த நீளத்துக்கு வண்டி திரும்பாது. கதவில் தாள் ஒட்டி முத்திரை வைத்துவிட்டுப் போனீர்கள். அந்தக் கதவைக் கீல் பக்கமாகத் தூக்கினால் தாள் கிழியாமல் கையோடு வரும் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது உள்ளே போனேன். படுக்கைக்கடியில் அக்காவின் செருப்பு ஜோடியாக இருந்தது. ஜன்னல் மூடியிருந்தது. மூடியிருந்தது மட்டும் இல்லை, இடுக்கில் காற்று வராமல் ஒரு துணியை மடித்து, அழகாக ஓரம் அடித்துச் செருகியிருந்தார். நான் சொன்னதைக் கேட்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான்.

கம்பியைக் கழற்றிச் சத்தத்தின் பாதையைப் பழையபடி சேர்த்தேன். ஏன் என்கிறீர்கள். எங்கள் வளாகத்தில் எத்தனை குடும்பம் பிழைக்கிறது? விஷயம் வெளியே போனால், நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும் மற்றவர்களும் பயந்துபோவார்கள். அக்கா திரும்பி வரப்போவதில்லை. நீங்கள் வந்து பெட்டியைச் சோதித்தீர்கள். அது கத்தின கத்தலில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டீர்கள். நானும் பொத்திக்கொண்டேன்.

தொழிற்சாலையின் வக்கீல் கெட்டிக்காரர். குழாய் பயண அதிர்வில் நகர்ந்திருக்கலாம், எது எப்படியோ அலாரம் நன்றாக வேலை செய்கிறது, அப்படியென்றால் அன்றைக்கும் கத்தியிருக்க வேண்டும், கத்தினதை யாரோ அடக்கியிருக்க வேண்டும் என்றார். அந்த வண்டிக்குள் மிச்சம் இருந்தது ஒரே ஒருவருடைய விரல்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மாமா நேராக என்னைத் தேடித்தான் வந்தார். வேறு யாரிடம் போவார்? மகள் மருந்துக்கடை வைத்திருக்கிறாள், வேறு ஊரில். அவள் வந்து அம்மாவை அடக்கம் செய்துவிட்டு, கிளம்பும்போது அப்பாவிடம் ஒன்றே ஒன்று சொன்னாளாம். அம்மா கத்தினாலும் நீங்க இப்படித்தான்ப்பா, காதுல போட்டுக்க மாட்டீங்க. அதோடு போனை எடுப்பதையும் நிறுத்திவிட்டாள். மாமா என் பட்டறையில் கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாமேல் உட்கார்ந்தார்.

"தம்பி, நான் அதை அமுக்கினேனா?"

"ஏன் மாமா அதையே நினைக்கறீங்க."

"எனக்கு ஞாபகம் இல்லையேப்பா. வீட்டு வாசல்ல அமுக்கினது ஞாபகம் இருக்கு. மலையில அது கத்தினதே ஞாபகம் இல்ல."

நியாயமான பேச்சு. கத்தாதது எப்படி ஞாபகம் இருக்கும்? அந்த நிமிஷம் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அக்கா தம்பி தம்பி என்று கூப்பிட்ட ஒருவன்மேல் அவர் வைத்திருந்த நம்பிக்கையும் போய்விடும். மனைவி போய், மகள் போய், நானும் போய்விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்? அவர் படுகிற பாடெல்லாம் தெரியாததால் வருகிற பாடு. அமுக்கினேனா இல்லையா, அமுக்கினேனா இல்லையா என்று அந்தச் சத்தம்தான் அவருக்குள் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

அதனால் அவருக்கு ஞாபகம் வர உதவி செய்தேன்.

அடிக்கடி வருவார். நான் வேலை செய்துகொண்டே பேசுவேன். நல்ல தூக்கத்தில் நடந்தது யாருக்கும் சட்டென்று ஞாபகம் வராது மாமா என்பேன். பெஞ்சிலிருந்து எழுந்தால் இடது பக்கம்தானே பெட்டி, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போயிருப்பீர்கள் என்பேன். தரை சில்லென்று இருந்திருக்கும் என்பேன். அக்கா எழுந்துவிடக்கூடாதே என்றுதான் அமுக்கியிருப்பீர்கள், பாசத்தில்தானே என்பேன். முதலில் தலையை ஆட்டி மறுத்தார். பிறகு கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவராகவே, தரை சில்லென்று இருந்தது தம்பி என்றார். அடுத்த தடவை வந்தபோது பொத்தான் கொஞ்சம் வழவழப்பாக இருந்தது வரைக்கும் ஞாபகம் வந்துவிட்டது. வலது கை ஆள்காட்டி விரலை என்னிடம் நீட்டிக் காட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் கண் கலங்கியது.

"மகக்கிட்ட சொல்லிடுங்க மாமா. நான்தான் அமுக்கினேன்னு உங்க வாயால சொல்லிட்டா அவ மனசு ஆறிடும். பாருங்களேன்."

சொன்னார். அவள் அன்றைக்கே கிளம்பி வந்துவிட்டாள். அப்பா மடியில் படுத்து அழுதாளாம். இப்போது வாரக் கடைசியில் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போகிறாள். அக்கா இருந்த காலத்தில் அவள் வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிசயம். அப்பாவும் மகளும் பழைய படங்களை எடுத்துப் பார்க்கிறார்களாம். மாமா இப்போது நன்றாகத் தூங்குகிறார். அவரே சொன்னார்.

அவர்மேல் நீங்கள் போட்ட வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொன்னதும் நான்தான். நீங்கள் சொல்வது சரி, உள்ளே போக வேண்டியிருக்கும், இந்த வயதில் திரும்பி வருவாரா என்பதும் சந்தேகம்தான். அதைப் பற்றியும் மாமாவோடு பேசினேன். மகள் மாதாமாதம் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். மறுத்துப் பேசினால் சாட்சி, விசாரணை, அக்காவின் படம் எல்லாம் திரும்பத் திரும்ப வரும். ஒப்புக்கொண்டால் ஒரே நாளில் முடிந்துவிடும். அவருக்கு அது புரிந்தது. நீ சொன்னா சரிதான் தம்பி என்றார்.

இப்போது நீங்கள் மாமாவையும் மகளையும் வரவழைத்து வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அவர்மேல் குற்றம் இல்லை என்று சொன்னால் அவர் சந்தோஷப்படுவார் என்று நினைக்கிறீர்கள். உங்களுக்கு நல்ல மனசு ஐயா, ஆனால் இந்த வேலையில் அனுபவம் போதாது. தெளிந்து அடங்கின குளத்தில் கல்லைப் போடப் பார்க்கிறீர்கள். மன்னிக்கத்தான் மகள் திரும்பி வந்தாள். மன்னிக்க ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டால், தான் பேசின பேச்சுக்கு அவள் என்ன பண்ணுவாள்? இவர் அமுக்காத பொத்தானை நினைத்து அழுத அழுகையெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்?

ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள், நான் மறைக்கவில்லை. கம்பியை வைத்தது நான். புகை உள்ளே வருவது தெரிந்தேதான் வைத்தேன். அக்கா இறந்தபிறகு கழற்றினதும் நான்தான். மாமா பொத்தானை அமுக்கவில்லை, அது கத்தவே இல்லை. அமுக்கினதாக அவரை நம்பவைத்தது நான். கையெழுத்தை எங்கே போட வேண்டும்? இங்கேயா? சரி.

கதவைத் திறப்பதற்கு முன்னால் ஒரு சின்ன உதவி மட்டும். அவர் உள்ளே வந்ததும் நீங்கள் யாரும் எதுவும் பேசாதீர்கள், என்னிடம் விட்டுவிடுங்கள். எப்படிச் சொன்னால் அவருக்கு வலிக்காது என்று எனக்குத் தெரியும். முதலில் கோபப்படுவார். பிறகு அழுவார். நான் தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால், போகும்போது அவரே எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார், பார்த்துக்கொண்டே இருங்கள். என்னிடம் மனக்குறையோடு வந்தவர் யாரும் அதே குறையோடு திரும்பிப் போனதில்லை ஐயா. அக்கா இருந்திருந்தால் அவரே உங்களிடம் சொல்லியிருப்பார்.